யாருக்கு உரியது? யார் இரவல் பெற்றது?

கல்குடாவைக் கடந்து மட்டக்களப்பைச் சென்றடையும் புகையிரதப் பாதை ஒற்றைப் பாதையாகும். கொழும்பிலிருந்து வருவதும் கொழும்புக்குச் செல்வதும் ஒரே தண்டவாளத்தின் மீதே ஓடவேண்டும். இப்பாதையில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். நிலைய மேடையில் ஊழியர் ஒருவர் பெரிய வளையமொன்றை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். அதன் அடியில் தோற்பையொன்று தொங்கும். வேகம் தணிந்து வரும் இயந்திரத்திலிருந்து சாரதியோ அவரது உதவியாளரோ கையிலிருந்த வளையத்தைக் கொடுத்துவிட்டு மற்றொன்றை வாங்கிக்கொள்வார். அதன் பின்னரே புகையிரதம் அடுத்த நிலையத்தை நோக்கி நகரும்.

அந்தப் பையினுள் இருப்பது ‘டெப்லட்’ எனப்படும் உலோக வில்லையாகும். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள வில்லைப் பொறிகள் மின்கம்பியால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. அவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட பாதைக்கு ஒரு வேளையில் ஒரேயொரு வில்லையை மாத்திரமே வெளியே எடுக்க முடியும். எடுத்த வில்லை பொறியில் மீளச் செருகப்படும் வரையில் எந்த நிலையத்திலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. வில்லை கையில் இல்லாத சாரதி பாதைக்குள் பிரவேசிக்கக்கூடாது. நிலைய அதிபர் களைத்திருந்தாலும், மறந்திருந்தாலும், அவசரப்பட்டாலும் பொறி இடங்கொடாது.

இந்த ஒழுங்கு சும்மா பிறந்ததல்ல. 1874 செப்டெம்பர் 10 ஆம் திகதி இங்கிலாந்தின் நோரிச் நகருக்கு அருகே தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியில் ஏற்பட்ட குழப்பத்தினால் ஒற்றைப் பாதையின் இரு முனைகளிலிருந்தும் இரு புகையிரதங்கள் அனுப்பப்பட்டன. நேருக்கு நேர் மோதிய அவ்விபத்தில் 25 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே எட்வர்ட் டயர் என்பவர் இந்த வில்லைப் பொறியை உருவாக்கினார். ‘இனிமேல் கவனமாக இருங்கள்’ என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதோடு அன்று நின்றுவிடவில்லை. கவனம் பிசகினாலும் விபத்து நிகழாதபடி பொறியையே மாற்றியமைத்தார்கள்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் புகையிரதத் துறை கற்றுக்கொண்ட அந்தப் பாடத்தைக் கணினி உலகம் இப்போதுதான் முழுமையாகக் கற்று வருகின்றது. எமது அடையாள அட்டை, காணிப் பதிவு, மருத்துவக் குறிப்பு, வங்கிக் கணக்கு ஆகிய யாவும் கணினிக்குள் குடியேறிக்கொண்டிருக்கும் இவ்வேளையில், அப்பாடம் கல்குடாத் தொகுதி மக்களுக்கும் நேரடியாகத் தொடர்புடையது என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

கணினி ஒரு வேலையைச் செய்யும்போது அதற்குத் தேவையான தரவுகளைத் தனது நினைவகத்தில் தற்காலிகமாக வைத்துக்கொள்கின்றது. நினைவகத்தை வரம்பு கட்டிப் பிரித்த பெரிய வயல்வெளியாகக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒரு செய்நிரல் இயங்கத் தொடங்கியதும் தனக்கு வேண்டிய துண்டுகளைக் கேட்டுப் பெறுகின்றது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கின்றது. திருப்பிக் கொடுத்த துண்டு உடனடியாக வேறொரு தேவைக்கு ஒதுக்கப்படும். ஒரு விநாடிக்குள் இவ்வாறான கொடுக்கல் வாங்கல்கள் இலட்சக்கணக்கில் நிகழ்கின்றன.

இக்கொடுக்கல் வாங்கலுக்குக் கணக்குப்பிள்ளை யார் என்பதே கேள்வியாகும். 1970களின் ஆரம்பத்தில் உருவான ‘சி’ என்னும் மொழியும், அதன் வழிவந்த ‘சி பிளஸ் பிளஸ்’ என்னும் மொழியும் அப்பொறுப்பைச் செய்நிரலை எழுதுபவரிடமே விட்டுவிட்டன. அதனால் வேகம் கிடைத்தது. கணினியின் அடித்தளமாகிய பணிசெயல் முறைமைகள், இணைய உலாவிகள், தொலைபேசியின் உள்ளுறுப்பு மென்பொருள்கள், வலைப்பின்னல் கருவிகள் ஆகியவற்றில் பெரும்பகுதி இம்மொழிகளிலேயே எழுதப்பட்டன. ஆனால் பல இலட்சம் வரிகள் கொண்ட செய்நிரலொன்றில் எந்தத் துண்டு யாருக்கு உரியது, யார் அதனை இரவல் பெற்றிருக்கின்றார், எப்போது திருப்பப்பட்டது என்பவற்றை மனித மனம் மாத்திரம் நினைவில் வைத்திருப்பது இயலாத காரியமாகும்.

அந்தக் கணக்குப் பிசகும்போது நேர்வதை எமது பிரதேச வாசகர்களுக்கு விளக்குவது கடினமன்று. ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். வாடகைக் காலம் முடிந்து வெளியேறியவரிடம் பழைய திறப்பு தங்கிவிட்டால் புதிதாகக் குடிவந்தவருக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் அறிவோம். வரம்பை வெட்டிப் பக்கத்து வயலுக்குள் உழுதுவிட்டால் எழும் தகராறையும் அறிவோம். கணினி நினைவகத்தில் நிகழும் பிழைகள் ஏறத்தாழ இந்த மூன்று வகையிலும் அடங்கிவிடுகின்றன. ஒரு துண்டைத் தமது எனக் கருதி இருவர் ஒரே வேளையில் மாற்றியெழுதுவது ஒன்று. திருப்பிக் கொடுத்துவிட்ட துண்டைப் பழைய முகவரியைக் கொண்டு மீண்டும் திறந்து பார்ப்பது இன்னொன்று. தமக்கு ஒதுக்கப்பட்ட எல்லையைத் தாண்டி அடுத்த துண்டை வாசிப்பதும் எழுதுவதும் மூன்றாவது.

இவை வெறும் தொழில்நுட்பக் கோளாறுகள் என்று ஒதுக்கிவிடக்கூடியவை அல்ல. 2014 ஏப்ரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற வழு வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தில் இரகசியமாகத் தகவல் பரிமாறுவதற்கு உலகின் பெருந்தொகையான தளங்கள் நம்பியிருந்த மென்பொருளொன்றில் அது இரண்டு ஆண்டுகளாக ஒளிந்திருந்தது. வழு மிக எளிமையானது. ‘நான் அனுப்பும் சொல்லை அப்படியே திருப்பி அனுப்பு, அதில் ஐந்நூறு எழுத்துகள் உள்ளன’ என்று கேட்டு மூன்றே எழுத்துகளை அனுப்பினால், கணினி அம்மூன்றையும் கொடுத்துவிட்டு, நினைவகத்தில் அதற்குப் பக்கத்தில் கிடந்தவற்றையும் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பிக் கொடுத்தது. பக்கத்தில் கிடந்தது யாரோ ஒருவரின் கடவுச்சொல்லாக இருக்கலாம்; வங்கி விபரமாக இருக்கலாம். கனடாவின் வரித் திணைக்களத்திலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் இவ்வழியே களவாடப்பட்டன. எமது தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்கு நிகரானவை அவை என்பது குறிப்பிடத்தக்கது.

2010 ஜனவரியில் கூகிள் நிறுவனம், சீனாவின் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களின் மின்னஞ்சல்களைக் குறிவைத்துத் தன்மீது ஊடுருவல் நடத்தப்பட்டதாக அறிவித்தது. அத்தாக்குதல் தொடரில் பயன்பட்ட வழு, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இணைய உலாவியில் இருந்தது. விடுவிக்கப்பட்ட நினைவகத் துண்டைப் பழைய முகவரி மூலம் மீண்டும் பயன்படுத்தும் பிழையே அது. 2019 ஆம் ஆண்டு வட்ஸ்அப் செயலியில் அழைப்புகளைக் கையாளும் பகுதியில் எல்லை மீறி எழுதும் பிழையொன்று பயன்படுத்தப்பட்டு, சுமார் 1,400 பேரின் தொலைபேசிகள் குறிவைக்கப்பட்டன. இந்தியாவின் பத்திரிகையாளர்களும், சட்டத்தரணிகளும், மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அவர்களுள் அடங்குவர். அழைப்புக்குப் பதிலளிக்கத் தேவையில்லை. அழைப்பு வந்தாலே போதுமானதாக இருந்தது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர் தமது ஆவணங்களையும், சாட்சியங்களையும், சட்டத்தரணியுடனான உரையாடல்களையும் கைத்தொலைபேசியிலேயே வைத்திருக்கும் மண் இது. மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயோ தந்தையோ பிள்ளைகளுடன் பேசுவதும் இதே செயலிகளின் ஊடாகவே. எனவே நினைவகப் பிழை என்பது கலிபோர்னியாவில் இருக்கும் பொறியியலாளர்களின் கவலை மாத்திரமே என்று நாம் இருந்துவிட முடியாது.

பிழைகளின் அளவும் சிறியதன்று. தனது மென்பொருள்களில் ஆண்டுதோறும் பதிவாகும் பாதுகாப்பு வழுக்களில் ஏறத்தாழ 70 வீதமானவை நினைவகம் சார்ந்தவை என மைக்ரோசொப்ட் 2019 இல் தெரிவித்தது. குரோம் உலாவியின் கடுமையான பாதுகாப்பு வழுக்கள் தொடர்பில் கூகிள் 2020 இல் வெளியிட்ட கணக்கும் அதே 70 வீதத்தையே காட்டியது. இரு நிறுவனங்களும் உலகின் திறமைமிக்க செய்நிரலாளர்களைக் கொண்டவை. அவர்களாலேயே தவிர்க்க முடியவில்லையென்றால், குறை ஆட்களிடம் இல்லை, ஒழுங்கில்தான் இருக்கின்றது என்ற முடிவுக்கே வரவேண்டியுள்ளது.

இந்த இடத்தில்தான் ‘ரஸ்ட்’ என்னும் மொழி கவனத்தை ஈர்க்கின்றது. கனடாவின் வன்கூவர் நகரில் வசித்த கிரேடன் ஹோர் என்ற செய்நிரலாளர் 2006 ஆம் ஆண்டு வீடு திரும்பியபோது, மாடிக் கட்டடத்தின் மின்தூக்கி மென்பொருள் கோளாறினால் நின்றுபோயிருந்தது. அவரது வீடு 21 ஆவது மாடியில். படியேறிச் சென்ற வேளையில், மின்தூக்கியைக்கூடப் பிழையின்றி இயக்க முடியாத நிலை ஏன் என்று எண்ணியதே இம்மொழிக்கு வித்திட்டதாகக் கூறப்படுகின்றது. 2009 இல் மொசில்லா நிறுவனம் அம்முயற்சிக்கு ஆதரவளித்தது. 2015 மே 15 ஆம் திகதி முதலாவது நிலையான பதிப்பு வெளிவந்தது.

இம்மொழியின் அடிப்படை விதிகள் சிலவே. நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு தரவுக்கும் ஒரு வேளையில் ஒரேயொரு உரிமையாளர் இருப்பார். உரிமையாளரின் பணி முடிந்ததும் அத்துண்டு தானாகவே விடுவிக்கப்படும். அதனை மறந்துவிடவும் முடியாது, இருமுறை விடுவிக்கவும் முடியாது. உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றினால் முன்னையவர் அதன்பின் அதனைத் தொட முடியாது. காணியை விற்று உறுதி எழுதிக் கொடுத்தவர் மறுநாள் அதில் வேலி போட முடியாதல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

உரிமையைக் கைமாற்றாமல் இரவல் கொடுக்கவும் வழியுண்டு. இரவல் இருவகைப்படும். பார்ப்பதற்கு மாத்திரமான இரவலை எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். மாற்றியெழுதுவதற்கான இரவலை ஒரு வேளையில் ஒருவருக்கு மாத்திரமே கொடுக்கலாம். அவரிடம் அது இருக்கும்வரை வேறெவரும் பார்க்கவும் கூடாது. ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலத்தைப் புகையிரதமும் ஏனைய வாகனங்களும் பகிர்ந்துகொண்ட காலத்தை நடுத்தர வயதைக் கடந்த எமது வாசகர்கள் நினைவுகூர்வார்கள். பாலத்தில் மாட்டு வண்டியும், துவிச்சக்கர வண்டியும், பாதசாரியும் ஒன்றாகச் செல்லலாம். புகையிரதம் வரும்போது பாலம் அதற்கு மட்டுமே உரியது. மற்றெல்லோரும் இரு கரையிலும் காத்திருக்க வேண்டும். கச்சேரியில் ஒரு பதிவேட்டைப் பலர் ஒரே நேரத்தில் பார்வையிடலாம். எழுதுவினைஞர் அதில் திருத்தம் செய்துகொண்டிருக்கும்போது பாதி எழுதிய வரியை இன்னொருவர் பிரதி பண்ணிச் சென்றால் வில்லங்கமே மிஞ்சும். விதியின் பொருள் இதுதான்.

மூன்றாவது விதி, இரவலின் ஆயுள் உரிமையாளரின் ஆயுளைத் தாண்டக்கூடாது என்பதாகும். உரிமையாளர் இல்லாது போன பின்னர் இரவல் சீட்டு எவர் கையிலும் எஞ்சியிருக்க முடியாது. பழைய திறப்பினால் புதியவர் வீட்டைத் திறக்கும் பிழைக்கு இது வழியடைத்துவிடுகின்றது.

இவ்விதிகள் எழுதுபவரின் நல்லெண்ணத்திற்கு விடப்படவில்லை என்பதே இங்கு முக்கியமானது. எழுதிய செய்நிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் தொகுப்பான், உரிமையையும் இரவலையும் வரிக்கு வரி சரிபார்க்கின்றது. விதி மீறப்பட்டிருந்தால் செய்நிரலை உருவாக்கவே மறுத்துவிடுகின்றது. பிழை பாவனையாளரின் கையில் வெடிக்கும் முன்னரே எழுதுபவரின் மேசையில் பிடிபடுகின்றது. எல்லை தாண்டி வாசிக்கும் முயற்சிகளில் முன்கூட்டிக் கண்டறிய முடியாதவை இயங்கும்போது தடுத்து நிறுத்தப்படுகின்றன. வில்லைப் பொறி செய்ததும் இதுவே.

ஜாவா, பைதன் போன்ற மொழிகள் ஏற்கனவே இப்பிழைகளைத் தவிர்க்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். அம்மொழிகளில் பின்னணியில் துப்புரவாளர் ஒருவர் சுற்றிவந்து, எவரும் பயன்படுத்தாத துண்டுகளைச் சேகரிக்கின்றார். அலுவலக மென்பொருள்களுக்கும் இணையத்தளங்களுக்கும் அது போதுமானது. ஆனால் பணிசெயல் முறைமையின் கரு, வலைப்பின்னல் கருவி, இதயத் துடிப்பைச் சீர்படுத்தும் சாதனம் போன்றவற்றில் துப்புரவாளர் வரும்வரை வேலையை நிறுத்திவைக்க முடியாது. அதற்கான இடவசதியும் இராது. அவ்வாறான இடங்களுக்குத் துப்புரவாளரின்றியே ஒழுங்கைக் காக்கும் வழியை ரஸ்ட் காட்டியிருக்கின்றது.

பலனும் கண்கூடாகத் தெரிகின்றது. அன்ட்ரொய்ட் தொலைபேசிகளின் மென்பொருளில் புதிய பகுதிகளை இத்தகைய பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பின்னர், நினைவகம் சார்ந்த வழுக்களின் பங்கு 2019 இல் 76 வீதமாக இருந்து 2024 இல் 24 வீதமாகக் குறைந்ததாகக் கூகிள் அறிவித்தது. 2025 இல் அது 20 வீதத்துக்கும் கீழே சென்றது. பழையவற்றை முழுவதுமாகத் திருத்தி எழுதித்தான் இந்நிலை எட்டப்பட்டது என்று எண்ணக்கூடாது. பழைய பகுதிகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டுப் புதியவற்றை மாத்திரம் புதிய ஒழுங்கில் எழுதினார்கள். பழைய பகுதிகளில் உள்ள பிழைகள் காலப்போக்கில் கண்டறியப்பட்டுக் குறைந்து செல்ல, புதிய பிழைகள் சேராமல் நின்றன. வளம் குறைந்த நாடுகளுக்கு இச்செய்தி ஆறுதல் தரக்கூடியதாகும்.

பல பெரும் கணினிகளை இயக்கும் லினக்ஸ் முறைமையின் கருவில் 2022 டிசம்பரில் ரஸ்ட் பரீட்சார்த்தமாகச் சேர்க்கப்பட்டது. 2025 டிசம்பரில் பரீட்சார்த்தம் என்ற அடைமொழி நீக்கப்படுவதாக அதன் பராமரிப்பாளர்கள் தீர்மானித்தனர். நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுமாறு அமெரிக்க வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்புப் பணிப்பாளர் அலுவலகம் 2024 பெப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அத்தியாவசியத் துறைகளுக்கு மென்பொருள் வழங்கும் நிறுவனங்கள் இது தொடர்பான தமது மாற்றத் திட்டத்தை 2026 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர் வெளியிட வேண்டும் என அந்நாட்டின் இணையப் பாதுகாப்பு முகவரகம் அதே ஆண்டு ஒக்டோபரில் பரிந்துரைத்தது. வல்லரசுகள் இதனைத் தமது தேசியப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் கருதுகின்றன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இனி எமது வீட்டுக்கு வருவோம். இந்திய அரசாங்கத்தின் நன்கொடையுடன், கைரேகை, கருவிழி, முகம் ஆகிய அடையாளங்களை உள்ளடக்கிய டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்தை இலங்கை அரசாங்கம் முன்னெடுத்து வருகின்றது. ஏனைய அரச சேவைகளையும் கணினி மயப்படுத்தும் முயற்சிகள் இடம்பெறுகின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட போதிலும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. அதாவது, தரவுகளைத் திரட்டும் வேகம், தரவுகளைக் காக்கும் வேகத்தை முந்திச் செல்கின்றது.

2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் கணினி முகில் சேவை கப்பத் தாக்குதலுக்கு உள்ளானதை இங்கு நினைவூட்டுவது பொருத்தமானது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களுக்குப் பிரதி இல்லாததால் அவை மீளப் பெறப்படவில்லை. காலாவதியான மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தியமை அன்று பரவலாகக் கண்டிக்கப்பட்டது. அத்தாக்குதலுக்கு நினைவகப் பிழையே காரணம் என்று நாம் கூறவரவில்லை. பழுதை வெளியில் தெரியவந்த பின்னரே கவனிக்கும் எமது நிர்வாகப் பழக்கத்துக்கு அது நல்ல உதாரணம் என்பதே எமது கருத்தாகும்.

கல்குடாத் தொகுதி மக்கள் ஆவணம் இழப்பதன் வலியை மற்றெவரையும்விட நன்கு அறிந்தவர்கள். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி, 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை, 2006 - 2007 காலப்பகுதியில் வாகரையில் மூண்ட போர் என ஒவ்வொன்றும் உயிர்களோடு சேர்த்து உறுதிகளையும், அனுமதிப்பத்திரங்களையும், பிறப்புச் சான்றிதழ்களையும் கொண்டு சென்றது. தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி வாழைச்சேனையிலும், ஓட்டமாவடியிலும், கிரானிலும், வாகரையிலும் மக்கள் தாம் யார் என்பதையும், தமது காணி எது என்பதையும் நிரூபிப்பதற்காகப் பிரதேச செயலகப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினர். ஒரே துண்டுக் காணிக்கு இருவர் ஆவணத்துடன் வந்து நின்றபோது அது இரு அயலவரின் தகராறாக மட்டும் முடியாமல் இரு சமூகங்களின் மனக்கசப்பாக மாறியதையும் நாம் கண்டிருக்கின்றோம். பதிவேட்டில் ஏற்படும் ஒரு பிழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அவ்வாறான பதிவேடுகள் நாளை கணினியில் மாத்திரமே இருக்கப்போகின்றன. கடதாசி உறுதி தொலைந்தால் அதற்குப் பிரதி தேடலாம். கைரேகையும் கருவிழியும் ஒருமுறை களவு போனால் அவற்றை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவேதான் அத்தரவுகளைத் தாங்கும் மென்பொருள் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டது என்று கேட்பதற்கு எமக்கு உரிமை இருக்கின்றது.

மறுபக்கத்தையும் கூறாது விடுவது நேர்மையாகாது. ரஸ்ட் சகல நோய்க்குமான மருந்தன்று. பலவீனமான கடவுச்சொல்லையோ, இலஞ்சம் வாங்கிக்கொண்டு தரவை விற்கும் உத்தியோகத்தரையோ, தவறான தீர்மானத்தை எடுக்கும்படி எழுதப்பட்ட செய்நிரலையோ எந்த மொழியும் தடுக்காது. வன்பொருளுடன் நேரடியாகப் பேசவேண்டிய இடங்களில் விதிகளிலிருந்து விலக்குப் பெற்று எழுத அம்மொழி அனுமதிக்கின்றது. அப்பகுதிகளில் பிழை நுழையலாம். 2025 டிசம்பரில் லினக்ஸ் கருவின் ரஸ்ட் பகுதியொன்றில் முதன்முதலாகப் பாதுகாப்பு வழு பதிவானபோது, அது அவ்வாறு விலக்களிக்கப்பட்ட பகுதியிலேயே இருந்தது. குறித்து வைக்கப்பட்ட இடமாதலால் தேடவேண்டிய பரப்பு சிறியது என்பதே ஆறுதல்.

அதேபோன்று 2025 நவம்பர் 18 ஆம் திகதி கிளவுட்பிளேயர் நிறுவனத்தின் சேவை முடங்கி உலகின் பல இணையத்தளங்கள் செயலிழந்தன. எதிர்பார்த்ததைவிடப் பெரிய கோப்பொன்று வந்தபோது, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பகுதி அதனைச் சமாளிக்கும் வழி எழுதப்படாமையால் நின்றுவிட்டது. இதனை 2024 ஜூலை 19 ஆம் திகதி நிகழ்ந்ததோடு ஒப்பிடலாம். அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் மென்பொருள், 21 விடயங்களை எதிர்பார்த்த இடத்தில் 20 மாத்திரமே வழங்கப்பட்டதால், 21 ஆவதைத் தேடி எல்லைக்கு அப்பால் வாசித்தது. 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. இரண்டுமே முடக்கம்தான். ஆனால் எல்லை தாண்டி வாசித்து விழுவதற்கும், எல்லையிலேயே நின்றுவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னையதில் அயலவரின் இரகசியம் கசியும் அபாயம் இருக்கின்றது. பின்னையதில் கதவு மூடிக்கொள்கின்றது. எனினும் கதவு மூடிக்கொண்டால் சேவை நின்றுவிடும் என்பதையும் திட்டமிடுவோர் மறக்கலாகாது.

மொழி கடினமானது என்ற குறைபாடும் நியாயமானதே. தொகுப்பான் மீண்டும் மீண்டும் மறுப்பதைக் கண்டு புதிதாகக் கற்பவர்கள் சலிப்படைகின்றனர். பழைய மொழிகளில் பல ஆண்டுகள் அனுபவம் பெற்றவர்கள் புதிய ஒழுங்குக்கு மாறத் தயங்குகின்றனர். நாம் மென்பொருளை வாங்குபவர்களேயன்றி எழுதுபவர்களல்லர், எமக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்போரும் உள்ளனர். இவர்களுக்கு எமது பதில், வாங்குபவரே நிபந்தனை விதிக்க வேண்டியவர் என்பதாகும். கட்டடம் கட்டுவிக்கும் திணைக்களம் தானே கல் அடுக்குவதில்லை. ஆனால் எந்தத் தரத்திலான கம்பி, எவ்வளவு சீமெந்து என்பதை ஒப்பந்தத்தில் எழுதுகின்றதல்லவா?

ஆகவே சில கோரிக்கைகளை முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவதாக, அடையாளம், காணி, சுகாதாரம் ஆகிய துறைகளுக்கு வாங்கப்படும் புதிய மென்பொருள்கள் நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது கேள்விப்பத்திர நிபந்தனையாக வேண்டும். இயலாத இடங்களில் காரணத்தை வழங்குநர் எழுத்தில் தரவேண்டும். இரண்டாவதாக, பழைய மென்பொருள்களுக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் உரிய காலத்தில் இடப்படுகின்றனவா என்பது கணக்காய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிற்போடப்பட்ட பகுதிகள் டிஜிட்டல் அடையாள அட்டை மக்கள் கைக்கு வருமுன்னரே நடைமுறைக்கு வரவேண்டும்.

நான்காவது கோரிக்கை எமது கல்விச் சமூகத்துக்கானது. வந்தாறுமூலையில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இம்மண்ணின் பிள்ளைகளைக் கணினித் துறைக்கு அனுப்பும் வாயில்களாகும். முறைமைச் செய்நிரலாக்கத்தைக் கற்பிக்கும்போது உரிமை, இரவல், ஆயுட்காலம் என்ற கருத்துகளை ஆரம்பத்திலேயே அறிமுகப்படுத்த வேண்டும். பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் கற்கும் மாணவர்களுக்காக இவை பற்றிய எளிய தமிழ் நூல்கள் எழுதப்பட வேண்டும். இது ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே உரிய வித்தை என்ற மயக்கம் எமது மாணவர்களிடம் இருக்கின்றது. ஆனால் உறுதி, ஈடு, ஒத்தி, குத்தகை, இரவல் என்று உடைமைக்கும் பாவனைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுக்குச் சொல் பிரித்து வைத்திருக்கும் மொழி எமது மொழி. போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையிலான உடன்பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, உரிமை வேறு, பயன்படுத்தும் அனுமதி வேறு என்பதை விளங்கவைக்க அதிக நேரம் தேவைப்படாது.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை முஸ்லிம்கள் அமானிதம் என்பர். தமிழர் அடைக்கலப் பொருள் என்பர். அதனைத் தன்னுடையதாகப் பாவிக்கக்கூடாது, மற்றவருக்குக் கொடுக்கக்கூடாது, கேட்கும்போது குறைவின்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் இரு சமூகத்தவரிடமும் கருத்து வேறுபாடு இல்லை. மக்களின் தரவு அரசாங்கத்தின் உடைமையன்று. குறிப்பிட்ட தேவைக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு மக்கள் கொடுத்த இரவலேயாகும். அந்த இரவலைத் தாங்கும் கணினிகளிலும் இரவலுக்குரிய ஒழுங்கு இருக்கின்றதா என்பதை, விபத்தொன்று நிகழ்ந்த பின்னர் ஆணைக்குழு அமைத்து விசாரிப்பதைவிட, டிஜிட்டல் அடையாள அட்டைக்கான முதலாவது கைரேகை பெறப்படுமுன்னரே உரியவர்கள் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.